புதுப்பிப்பு: வேலூர் மேயர் தேர்வு முடிந்தது

"2011 மாதிரி மேயருக்குத் தனி ஓட்டு உண்டா?" என்று போன இழையில் கேட்டிருந்தேன். கிடையாது. 2022 பிப்ரவரி 19 அன்று காட்பாடியில் நாங்கள் போட்டது கவுன்சிலருக்கு மட்டும்தான். மார்ச் 4 அன்று கவுன்சிலர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2011இல் அ.தி.மு.க.வின் கார்த்தியாயினி நேரடி ஓட்டில் ஜெயித்த நாற்காலி 2022இல் தி.மு.க.வின் சுஜாதாவுக்குப் போனது.

நடுவில் 2016 அக்டோபரிலிருந்து மாநகராட்சி நிர்வாகம் எல்லாம் அரசு நியமித்த தனி அலுவலர் கையில் இருந்தது. தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல வார்டுக்கு ஓர் ஆள் இல்லை. 2022 தேர்தலில் வார்டுக்கு ஒருவராக 60 கவுன்சிலர்கள் வந்தார்கள். அதுவே எனக்குப் பெரிது.

அப்புறம், 37ஆவது வார்டில் திருநங்கை கங்கா நாயக் ஜெயித்த செய்தியை அம்மா இரண்டு முறை சத்தமாகப் படிக்கச் சொன்னார். அம்மா விரலில் ஓட்டுப் போட்ட மை அப்போதும் அழியவில்லை.