கார்டனா, கார்ட்டனா? முன்பள்ளிப் பலகையில் ஒரு சந்தேகம்

ஹட்டன்காரன்:
எங்கள் தோட்டத்து முன்பள்ளிக்குப் புதுப் பெயர்ப்பலகை வந்திருக்கிறது. கிண்டர்கார்டன் என்பதன் பின்பாதியை இங்கிலீஷில் பூந்தோட்டத்துக்கு எழுதுவது போலவே, பக்கத்து ஊர் டிக்கோயாவுக்குப் போடும் டி (d) போட்டு எழுதிவிட்டார்கள். அங்கே தேயிலை டீயின் எழுத்துதான் (t) வரணும் என்கிறார் டீச்சர். எழுதியவரோ, "கார்டன்னா கார்டன்தானே" என்கிறார். யார் சரி? 'கைன்ட்' என்றால் அன்பு, ஆகவே அன்பான தோட்டம் என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

பழைய மாஸ்டர்:
டீச்சர்தான் சரி, தம்பி. அது ஜெர்மன் சொல். கிண்டர் என்றால் பிள்ளைகள். தோட்டத்தை அவர்கள் அழுத்தி 'கார்ட்டன்' என்பார்கள், அந்த 'ட்ட'வுக்குத்தான் டீயின் எழுத்து. இங்கிலீஷ்காரன் எழுத்தை மாற்றாமல் அப்படியே எடுத்துக்கொண்டான். ஃப்ரோபல் என்ற ஜெர்மன் கல்வியாளர் 1837இல் பாட் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கென்று ஒன்று தொடங்கினார், முதலில் வைத்த பெயர் வாய்க்குள் நுழையாத நீளம், 1840இல்தான் இந்தப் பெயர். தோட்டம் என்றது சும்மா அழகுக்கு இல்லை, பிள்ளைக்கு ஒரு பாத்தி என்று பிரித்துக்கொடுத்து நிஜமாகவே செடி வளர்க்க வைத்தார். அப்போதைய ஜெர்மன் நாடுகளில் ஒன்றான பிரஷ்யாவின் அரசாங்கம் இதில் நாத்திகமும் சோசலிசமும் இருக்கிறது என்று 1851இல் தடை போட்டது! மனுசன் அடுத்த வருடமே இறந்துபோனார், தடை நீங்கியது 1860இல். அப்புறம், 'கைன்ட்' சொன்னீர்களே, அதுவும் கிண்டரும் தூரத்துச் சொந்தம், பிறப்பைக் குறிக்கும் ஒரே பழைய வேரில் வந்தவை. ஆனால் இங்கே அன்பு என்று பொருள் இல்லை.

கொழுந்துக்காரி மகள்:
இதைத் தமிழில் 'பிள்ளைத் தோட்டம்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் அண்ணா. நம்ம பக்கம் தோட்டம் என்றால் வரிசை வீட்டு லயமும் தேயிலை மலையும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டும்தான், பிள்ளைகளைக் கொழுந்தெடுக்க விட்ட மாதிரி இருக்கும். அம்மா விடியக்காலையில் என்னை விட்டுப்போனது, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில், அந்தக் காம்பராவும் போர்த்துக்கீசன் விட்டுப்போன சொல்தான். என் மகன் யு.கே.ஜி. போகிறான் என்றதும் அம்மா கேட்டது: "அது எத்தனை கிலோ?"

ஹட்டன்காரன்:
நன்றி மாஸ்டர். பலகை எழுதியவர் திருத்த வருகிறாராம், ஆனால் ஒரு எழுத்துக்கும் அரைநாள் கூலி வேணுமாம்.