நல்லதங்காள் கதைய அனிமேஷன் பண்றேன், கிணத்துக்கிட்ட வந்து மாட்டிக்கிட்டேன்

ராத்திரி_ரோட்டோ:

வணக்கம் மக்களே. வடபழனி பக்கம் ஒரு விஎஃப்எக்ஸ் ஸ்டூடியோல ரோட்டோ ஆர்ட்டிஸ்டா இருக்கேன், அதாவது நாள் பூரா ஹீரோ தலைமுடிய சுத்தி கோடு போடுற வேலை. சொந்தமா ஒண்ணு பண்ணணும்னு ரொம்ப நாளா ஆசை, எங்க அம்மாச்சி சொல்ற நல்லதங்காள் கதைய ஆறு நிமிஷ ஷார்ட்டா பண்ணலாம்னு ஆரம்பிச்சேன். அம்மாச்சிக்கு வத்திராயிருப்பு பக்கம், நல்லதங்காள் விழுந்த கிணறுன்னு அர்ச்சுனாபுரத்துல காட்டுறாங்கல்ல அந்த ஏரியா தான், இப்போ எங்களோட வியாசர்பாடில இருக்காங்க.

பஞ்சம், ஏழு பிள்ளைங்களோட அண்ணன் வீட்டுக்கு நடக்கறது, அண்ணன் வேட்டைக்கு போயிட்டதால அண்ணி மூளி அலங்காரி கதவ சாத்தறது, அப்புறம் பச்சை விறகும் ஓட்டைப் பானையும் குடுத்து பொங்கித் தின்னுன்னு சொல்றது, இது வரைக்கும் ஸ்டோரிபோர்டு முடிஞ்சுது. பிள்ளைங்கள போட்டுட்டு அவளும் விழற கிணறு வந்ததும் கை ஓடல. பசங்க சேனல் ஒண்ணுக்கு காட்டினேன், கடைசில அண்ணன் ஓடி வந்து காப்பாத்தற மாதிரி மாத்திக் குடுங்கன்னாங்க. மாத்தலாமா? ரெண்டாவது, 3டி நல்லா இருக்குமா 2டியா? மூணாவது, இந்த கதைக்கு யார்கிட்டயாவது ரைட்ஸ் வாங்கணுமா? பட்ஜெட்னு சொல்லிக்க ஒண்ணும் இல்ல, ஒரு பழைய லேப்டாப், ஞாயித்துக்கிழமை மட்டும் தான் டைம்.

பாவைக்காரன்_வீட்டு_எதிர்வீடு:

ப்ரோ, 3டி நெனப்ப மொதல்ல விடுங்க. எனக்கு சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம், சின்ன வயசுல தோல்பாவைக்கூத்துக்காரங்க வந்து டேரா போட்டா பத்து நாள் ராமாயணம் நடக்கும், நடுவுல ஒரு நாள் நல்லதங்காள் போடுவாங்க, அன்னிக்கு தான் பொம்பளைங்க கூட்டம் அதிகம். வெள்ளை வேட்டிய இழுத்துக் கட்டி பின்னாடி லைட் வெச்சு, ஒரே ஆள் உள்ள உக்காந்து நல்லதங்காள், மூளி, ஏழு பிள்ளைங்க எல்லாருக்கும் குரல் குடுப்பாரு, அவர் வீட்டம்மா ஆர்மோனியம். பாவைன்னா ஆட்டுத்தோல சுரண்டி வெளிச்சம் போற அளவுக்கு மெல்லிசாக்கி சாயம் பூசினது, நகை வர்ற எடத்துல எல்லாம் பொடிப்பொடியா ஓட்டை போட்டிருப்பாங்க, லைட் அது வழியா வர்றப்போ தோடு அப்படியே மின்னும். மூஞ்சி அசையாது, கண்ணு அசையாது, கை ஒண்ணு தான் ஆடும். ஆனா அழுதுட்டு தான் வீட்டுக்கு வருவோம். அசையாத மூஞ்சில நம்ம அழுகைய நாமளே போட்டுக்கறோம்னு இப்போ தோணுது.

அதே மாதிரி பண்ணுங்களேன். கை, முழங்கை, தலை, இடுப்பு தனித்தனி லேயர், மூட்டுல பிவட் (ஆணி அடிச்ச மாதிரி சுத்தற புள்ளி), அவ்ளோ தான் ரிக், அதாவது பொம்மைய ஆட்டற அமைப்பு. கணக்கு பாருங்க, ஆறு நிமிஷம்னா 360 செகண்ட், 24 ஃப்ரேம் வெச்சா 8640 ஃப்ரேம், ஒரு படத்த ரெண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினா கூட 4320 டிராயிங், ஞாயித்துக்கிழமைய மட்டும் வெச்சு வரைஞ்சா உங்க பேரன் தான் முடிப்பான். இப்படி துண்டு துண்டா வெட்டி ஆட்டற கட்அவுட்னா ஒருக்கா வரைஞ்சு கடைசி வரைக்கும் ஆட்டலாம். ஜெர்மனில லோட்டே ரெய்னிகர்னு ஒரு அம்மா அட்டையையும் ஈயத்தகடையும் வெட்டி கம்பில கோத்து நிழல் பொம்மையாவே முழுநீளப் படம் எடுத்தாங்க, 1926ல வந்துச்சு, மூணு வருஷ வேலை. அவங்களுக்கு கம்ப்யூட்டரா இருந்துச்சு.

பிளெண்டர்னு ஒரு அனிமேஷன் சாஃப்ட்வேர் இருக்கு, அதுல பண்றதா இருந்தா ஒண்ணு சொல்றேன், பின்னாடி வெக்கிற லைட்டோட ஸ்ட்ரெங்துக்கு கீ போட்டு கிராஃப் எடிட்டர்ல நாய்ஸ் மாடிஃபயர் சேருங்க, வெளிச்சம் தன்னால ஏறி எறங்கும், விளக்கு துடிக்கற மாதிரியே வரும். பொம்மைய சும்மா ஸ்மூத்தா நகத்தாதீங்க, ஆட்டறவர் கை நடுக்கம் தெரியணும்.

மீனா_வேளச்சேரி:

முடிவ மாத்தாதீங்க தம்பி. அண்ணன் வந்து காப்பாத்திட்டா அது வேற கதை, அதுக்கு ஏன் நல்லதங்காள் பேரு. ஆனா என் பொண்ணுக்கு எட்டு வயசு, தாய் பிள்ளைங்கள கிணத்துல போடறத அவளுக்கு நான் காட்டவும் மாட்டேன். ரெண்டையும் சேத்து சொல்றேன், இது பசங்களுக்கான கதைன்னு யார் உங்களுக்கு சொன்னது? கார்ட்டூன்னாலே குழந்தைங்களுக்குன்னு நாமளே முடிவு பண்ணிக்கறோம். பெரியவங்களுக்குன்னு போடுங்க, முன்னாடி ஒரு எச்சரிக்கை கார்டு வைங்க. யூடியூப்ல மேட் ஃபார் கிட்ஸ்னு டிக் பண்ணா கமெண்ட் பாக்ஸ் கூட மூடிடும், உங்களுக்கு அதுவும் வேஸ்ட்.

கிணத்த உள்ள எட்டிப் பாக்கற ஷாட் மட்டும் வேணாம், தண்ணி சத்தமும் வேணாம், ப்ளீஸ்.

பாவைக்காரன்_வீட்டு_எதிர்வீடு:

மீனா அக்கா சொல்றது கரெக்ட். கூத்துல உச்சிக்குடும்பன், உளுவத்தலையன்னு ரெண்டு கோமாளி வருவாங்க, எந்த சோகக் கதைலயும் நடுவுல பூந்து சிரிக்க வெப்பாங்க. அந்த ரெண்டு பேரையும் மொதல்லேர்ந்து வம்பு பேச விட்டு கிணத்துக்கிட்ட மட்டும் பேச்சில்லாம நிக்க வெச்சுட்டா போதும், வேற ஒண்ணும் காட்ட வேணாம்.

டெக்பாய்_அண்ணாநகர்:

இவ்ளோ கஷ்டம் எதுக்கு தலைவா, ஏஐல ப்ராம்ப்ட் அடிச்சா ரெண்டு நாள்ல முடிஞ்சுது. நான் நேத்து கண்ணகி பண்ணேன், செம அவுட்புட்.

ராத்திரி_ரோட்டோ:

ட்ரை பண்ணாம இல்ல ப்ரோ. பஞ்சத்துல நடக்கற தமிழ்நாட்டு பொம்பளைன்னு கேட்டா டிவி சீரியல் மகாராணி மாதிரி நெத்திச்சுட்டி போட்டு பட்டுப்புடவைல வந்து நிக்கறா, பின்னாடி ராஜஸ்தான் கோட்டை. ஏழு பிள்ளைன்னா ஒரு ஷாட்ல ஆறு, அடுத்த ஷாட்ல ஒம்போது.

பழைய_பேப்பர்:

வயசானவன், லேட்டா வர்றேன், மன்னிக்கவும். ரைட்ஸ் கேட்டீங்களே. கதை யாருக்கும் சொந்தம் இல்ல. ஆனா ஒரு ஆய்வாளர் பதிப்பிச்ச பாட்டு வரிகளையோ இந்தக் காலத்து எழுத்தாளர் திருப்பி எழுதினதையோ அப்படியே எடுத்தீங்கன்னா அது வேற, எழுதினவர் காலமாகி 60 வருஷம் வரைக்கும் உரிமை இருக்கு, நாட்டுடைமை ஆயிருந்தா பிரச்னை இல்ல. அதே மாதிரி ஒரு கலைஞர் பாடின ரெக்கார்டிங்க யூடியூப்லேர்ந்து உருவி போடாதீங்க, பாடினவருக்கும் சட்டத்துல உரிமை உண்டு, நெறைய பேருக்கு இது தெரியறதில்ல. நேர்ல கேளுங்க, காசு குடுங்க, ரெண்டு பக்கம் தமிழ்ல எழுதி கையெழுத்து வாங்குங்க, டைட்டில்ல பேர் போடுங்க. "நாட்டுப்புறப் பாடல்"னு ஒரு வார்த்தைய போட்டுட்டு பாடினவங்க பேர முழுங்கறது இங்க பழக்கமாவே போச்சு.

பழைய பெரிய எழுத்து பதிப்பு, அதாவது பெரிய எழுத்துல அச்சடிச்ச மலிவு கதைப் புத்தகம் வேணும்னா தரமணி ரோஜா முத்தையா நூலகத்துல கேட்டுப் பாருங்க, அந்த மாதிரி வெகுஜன அச்சு நெறைய வெச்சிருக்காங்க. பாவைய கிட்டத்துல பாக்கணும்னா ஈசிஆர்ல முட்டுக்காடு தட்சிணசித்ரா மியூசியம் போங்க, நான் போனப்போ ஆடிக் காட்டினாங்க.

இன்னொண்ணு, பொட்டல் காடு வரையறப்போ சீமைக்கருவேலம் போடாதீங்க, அது வெள்ளைக்காரன் காலத்துல வந்தது. பனையும் உடைமரமும் போதும்.

ராத்திரி_ரோட்டோ:

எல்லாருக்கும் நன்றி, குறிப்பா சீமைக்கருவேலம் மேட்டர், பேக்கிரவுண்டு பூரா அதத் தான் வரைஞ்சு வெச்சிருந்தேன், பத்து லேயர் போச்சு.

நேத்து அம்மாச்சிய உக்கார வெச்சு ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணேன். பச்சை விறகு எரியற எடத்துல குரல் ஏறுது பாருங்க, நான் எழுதி வெச்சிருந்த டயலாக் எல்லாம் குப்பை. கிணத்துக்கிட்ட வந்ததும் சொல்லல. ஒப்பாரி மாதிரி நாலு வரி பாடினாங்க, நிறுத்திட்டு "தண்ணி கொண்டா"ன்னாங்க, அவ்ளோ தான், பிள்ளைங்கள பத்தி ஒரு வார்த்தை இல்ல. குடிச்சிட்டு கதைய நேரா அண்ணன் வேட்டைலேர்ந்து வீட்டுக்குத் திரும்பி வர்ற எடத்துக்குக் கொண்டு போயிட்டாங்க. அந்த கேப் பன்னெண்டு செகண்ட் வருது, அத அப்படியே வெக்கப் போறேன், ஸ்க்ரீன்ல வெறும் வேட்டியும் விளக்கும் மட்டும்.

பிரச்னை என்னன்னா ஆடியோல ஒரே இரைச்சல். ரெண்டாயிரத்துக்குள்ள மைக் ஏதாவது சொல்லுங்க.

பாவைக்காரன்_வீட்டு_எதிர்வீடு:

மைக் அப்புறம் வாங்கலாம், மொதல்ல ஃபேன ஆஃப் பண்ணுங்க.

ராத்திரி_ரோட்டோ:

மே மாசத்துலயா? அம்மாச்சி என்னத் தான் கிணத்துல போடும்.

மீனா_வேளச்சேரி:

விடியக்காலைல அஞ்சு மணிக்கு எடுங்க, அந்நேரம் காத்து கொஞ்சம் இருக்கும். பால் வண்டி வர்றதுக்குள்ள முடிச்சிடுங்க.