பள்ளிக் கட்டடப் பத்திரமும் வட்டி மானியமும்: எங்கள் குடியிருப்புக் குழுவில்

மீனா: அனைவருக்கும் வணக்கம். நம் பள்ளி மாவட்டத்தின் கடன் பட்டியலில், 2010ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு கடன் பத்திரத்துக்கு மட்டும் அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் வட்டி மானியம் உண்டு என்று குறித்திருக்கிறார்கள். சுந்தரம் மாமா, அது ஏன் என்று விளக்க முடியுமா?

சுந்தரம் மாமா: சொல்கிறேன் அம்மா. 2009 பிப்ரவரியில் ஒபாமா கையெழுத்திட்ட பொருளாதார மீட்புச் சட்டம், பொதுப்பள்ளிகளைக் கட்டவும் பழுதுபார்க்கவும் தனியாக ஒரு வகைப் பத்திரத்தை உருவாக்கி, நாடு முழுவதற்கும் 2009இல் 1,100 கோடி டாலர், 2010இல் மேலும் 1,100 கோடி டாலர் என்று வரம்பு விதித்தது. அதில் 60 சதவீதம் மாநிலங்களுக்கும் 40 சதவீதம் பெரிய பள்ளி மாவட்டங்களுக்கும் போயிற்று. ஏழைப் பிள்ளைகளுக்கான டைட்டில் 1 நிதி எந்த விகிதத்தில் போகிறதோ, அதே விகிதத்தில்தான் இதையும் பங்கிட்டார்கள். என்னைக் கேட்டால் அது நியாயமான அளவுகோல்தான்.

கார்த்திக்: அப்படியானால் நம் டெக்சாஸ் மாநிலத்தின் பங்குப் பணம் எங்கே போயிற்று, மாமா?

சுந்தரம் மாமா: பணமாக ஒரு காசும் வரவில்லை, தம்பி. இவ்வளவு தொகைவரை இந்தச் சலுகையோடு கடன் வாங்கிக்கொள்ளலாம் என்ற அனுமதிதான் வந்தது. ஹூஸ்டன், டாலஸ் போன்ற பெரிய மாவட்டங்கள் தங்கள் பங்கை நேரடியாகப் பெற்றன. நம்மைப் போன்றவர்கள் மாநிலக் கல்வி முகமையிடம் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அசலை நாம்தான் கட்டவேண்டும். முதலில் பத்திரம் வாங்கியவருக்கு வட்டிக்குப் பதிலாக, அவர் கட்டவேண்டிய வருமான வரியிலேயே ஒரு தொகை கழிக்கப்படும் வரிக்கழிவு கிடைத்தது. அதை விரும்பி வாங்குவோர் குறைவாக இருந்ததால், 2010 மார்ச்சில் வந்த இன்னொரு சட்டம், அந்த மானியத்தை மாவட்டமே பணமாகப் பெற்றுக்கொள்ள வழிசெய்தது. ஒவ்வொரு வட்டித் தவணைக்கும் முன்பாக 8038-சிபி என்ற படிவத்தை வருமானவரித் துறைக்கு அனுப்பினால்தான் அந்தப் பணம் வரும்.

மீனா: அப்படியானால் வட்டி முழுவதையும் வாஷிங்டன் ஏற்றுக்கொள்கிறதா?

சுந்தரம் மாமா: ஒரு வட்டி விகித வரம்புவரை முழுவதையும் ஏற்பதாகச் சொல்லித்தான் பத்திரம் வெளியிட வைத்தார்கள். ஆனால் கூட்டாட்சி அரசின் செலவுகளைச் சட்டப்படி தானாகவே வெட்டும் கட்டாயச் செலவுக்குறைப்பு 2013 மார்ச்சில் தொடங்கி, இதன்மீதும் விழுந்தது. இப்போதைய வெட்டு 5.7 சதவீதம், 1,00,000 டாலர் வரவேண்டிய இடத்தில் 94,300தான் வருகிறது. பத்திரம் வைத்திருப்பவருக்கு ஒரு டாலரும் குறைக்க முடியாது என்பதால், துண்டுவிழும் தொகை நம் வரிப்பணத்தில் இருந்துதான் போகிறது. வாக்குக் கொடுத்த பிறகு கையைச் சுருக்கிக்கொண்டது எனக்கு இன்றுவரை உடன்பாடில்லை.

கார்த்திக்: அடுத்து கட்டப்போகும் நடுநிலைப் பள்ளிக்கு இந்தச் சலுகையைக் கேட்க முடியாதா, மாமா?

சுந்தரம் மாமா: முடியாது. 2017 டிசம்பரில் நிறைவேறிய வரிச்சட்டம், அந்த ஆண்டு முடிந்தபின் இத்தகைய பத்திரங்களைப் புதிதாக வெளியிடுவதற்கே தடை போட்டுவிட்டது.

மீனா: நன்றி மாமா. பழைய பத்திரத்தின் அசலைத் திருப்பித் தரத் தனிநிதி சேர்த்து வருகிறார்களா, 5.7 சதவீதக் குறைவை எந்தக் கணக்கில் எழுதுகிறார்கள் என்ற இரண்டு கேள்விகளையும் அடுத்த பள்ளி வாரியக் கூட்டத்தில் பேசப் பெயர் கொடுத்துக் கேட்கப்போகிறேன். உடன்வர விரும்புவோர் இங்கேயே தெரிவியுங்கள்.