இறைச்சிக்கான செம்மறிக் குட்டிகள்: உயிருடன் தேர்ந்தெடுக்கத் தர அளவு எது?

கேள்வி: மேச்சேரி இனக் குட்டிகளை எடையை மட்டும் நம்பி வாங்கி வருகிறோம், ஒரே எடையுள்ள இரண்டில் ஒன்று சதைப்பிடிப்பாகவும் மற்றொன்று எலும்பும் தோலுமாகவும் இருப்பதால், எழுத்தில் ஒரு தர அளவு வைக்க விரும்புகிறோம். எதைக் கொள்ளலாம்?

பதில் 1: கடைசி விலாவுக்குப் பின்னால், முதுகெலும்பின்மீது விரல்களை அழுத்திப் பாருங்கள். எலும்பு கூர்மையாகக் குத்தினால் 1, கொழுப்பில் முழுதும் புதைந்திருந்தால் 5 என்று மதிப்பிடுவார்கள். வழவழப்பாக உருண்டு, அழுத்தினால் மட்டும் தட்டுப்படும் 3 போதுமானது. 5 என்பது வெட்டி எறியும் கொழுப்புக்குக் காசு கொடுப்பதாகும்.

பதில் 2: பல்லையும் பாருங்கள். முன்பக்கப் பால்பற்களில் நடு இணை விழுந்து நிலைப்பல் முளைத்திருந்தால், வயது ஓராண்டை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். அதைக் குட்டி விலைக்கு வாங்காதீர்கள். தீவனமும் தண்ணீரும் நிறைந்த வயிறு தராசை ஏமாற்றும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பதில் 3: கீழ் இமையின் உட்புறம் வெளுத்து, தாடைக்கடியில் வீக்கமும் இருந்தால் பெரும்பாலும் குடற்புழுதான். எத்தனை மதிப்பெண் பெற்றாலும் அதை ஒதுக்கிவிடுங்கள்.