பழைய 15 இஞ்ச் ஸ்பீக்கர் பாக்ஸ் வாங்குறதுக்கு முன்னால எப்படிச் சோதிக்கிறது?

குளச்சல்காரன்:
அண்ணன்மாரே, மண்டைக்காடு கோவில் மாசிக் கொடைத் திருவிழாவுக்கு முன்னால நாலு பாக்ஸ் வாங்கணும். 15 இஞ்ச் பேஸ், மேல கீச்சுச் சத்தத்துக்கு 1 இஞ்ச் ஹார்ன். கடற்கரைப் பக்கம் ஓடினது. விக்கிறவர் "300 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தாங்குற சக்தி), 8 ஓம்" என்கிறார். பாட்டுப் போட்டுக் கேட்டா போதுமா? மல்டிமீட்டரும் போனும்தான் இருக்கு.

காயில்_கை:
தம்பி, பாட்டுல உரசல் ஒளிஞ்சுக்கும். முதல்ல ஆம்ப் ஒயரைக் கழற்றிட்டு பாக்ஸ் டெர்மினல்ல ஓம் பாருங்க. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 5.5 முதல் 6.5 வரை வரும். 3 வந்தா காயில் (கோனை ஆட்டுற செம்புக் கம்பிச் சுருள்) ஷார்ட், இல்லன்னா வேற ஸ்பீக்கர் மாத்தியிருக்காங்க. நாலும் ஏறக்குறைய ஒண்ணாவே வரணும்.

அடுத்து ஆம்ப் ஒயரை மறுபடி மாட்டி, போனை ஆம்ப்ல இணைச்சு, போன்ல டோன் ஜெனரேட்டர் ஆப் (வேண்டிய ஹெர்ட்ஸ்ல ஒரே சத்தம் கொடுக்கும்) போடுங்க. 50 ஹெர்ட்ஸ்ல ஆம்ப் அவுட்புட்டை 8 வோல்ட்டுக்கு வைங்க, சுமார் 8 வாட் போகும். சாதா மீட்டர் இந்த இடத்துல சரியாக் காட்டும். பிறகு 30ல இருந்து 500 வரை மெதுவா ஏத்துங்க. "சர்ர்"னு வந்தா காயில் உரசுது. டப்டப்புன்னு அடிச்சா லீட் ஒயர் கோன்ல முட்டுது, இல்லன்னா ஸ்பைடர் (காயிலை நடுவுல பிடிக்கிற மடிப்புத் துணி) ஒட்டு விட்டிருக்கு. "புஸ்"னு வந்தா காற்றுக் கசிவு: கைப்பிடி, டெர்மினல் தட்டு ஓரமா ஊதுபத்தியைக் காட்டுங்க, புகை ஆடுற இடம்தான் ஓட்டை.

உப்புக்காத்துல ஓடின பாக்ஸுக்கு உரசல் சோதனைதான் முக்கியம். ஃபெரைட் மேக்னட் துருப்பிடிக்காது. ஆனா அதோட மேல் தட்டும் நடுத்தூணும் இரும்பு. துரு பொங்கி, நடுவுல காயில் ஆடுற இடைவெளி குறைஞ்சா காயில் மாட்டும். அந்தப் பாக்ஸ் எவ்வளவு மலிவானாலும் எடுக்காதீங்க.

பிங்க்நாய்ஸ்:
வாட் விஷயம். "300 வாட்"னா எந்த முறைன்னு கேளுங்க. ஏ.இ.எஸ். (ஆடியோ இன்ஜினியர்கள் சங்கம்) முறையில 6 டெசிபல் கிரெஸ்ட் ஃபேக்டர் (உச்ச வோல்ட் ஆர்.எம்.எஸ். வோல்ட்டைப் போல ரெண்டு மடங்கு) உள்ள பிங்க் நாய்ஸ், அதாவது அருவி மாதிரி இரைச்சல், 2 மணி நேரம் ஓட்டுவாங்க. முடிஞ்சதும் ஸ்பீக்கர்ல நிரந்தர மாற்றம் 10%க்கு மேல இருக்கக்கூடாது. ஐ.இ.சி. 60268-5ங்கிற சர்வதேசத் தரத்துல 100 மணி நேரம். 8 ஓம்ல 300 வாட்டுக்கு 49 வோல்ட், உச்சம் 98 வோல்ட். அதுக்கு ஆம்ப் உச்சத்துல 1200 வாட் கொடுக்கணும், இல்லன்னா கிளிப் ஆகும், அதாவது உச்சம் வெட்டுப்படும்.

வாங்காத பாக்ஸ்ல இந்த முழு வாட் சோதனையைச் செய்யக் கூடாது. கால்வாசி, அதாவது 75 வாட் (24.5 வோல்ட்) பிங்க் நாய்ஸ் அரைமணி ஓட்டுங்க. நாய்ஸ் அளக்க ட்ரூ ஆர்.எம்.எஸ். மீட்டர் (எந்த வடிவ அலையையும் சரியா அளக்கிறது) இரவல் வாங்கணும். சாதா மீட்டர் குறைச்சுக் காட்டும், அதை நம்பி ஏத்தினா காயில் போயிடும். நிறுத்தி, ஒயரைக் கழற்றி, சில நொடிக்குள்ள ஓம் பாருங்க. 5.8 இருந்தது 7.25 ஆனா 25% ஏற்றம். செம்புக்கு ஒரு டிகிரிக்கு 0.39%, ஆக காயில் சுமார் 64 டிகிரி ஏறியிருக்கு. சத்தமும் 2 டெசிபல் வரை இறங்கும். ஆறினபிறகு 5.8க்கே திரும்பணும். நாலுல ஒண்ணு மட்டும் கூடுதலாச் சூடானா அதுல சந்தேகம் வைங்க.

குளச்சல்காரன்:
ஹார்னுக்கும் 30 ஹெர்ட்ஸ்ல இருந்தே போகலாமா?

காயில்_கை:
கூடவே கூடாது, ஹார்னுக்குள்ள அதிர்ற மெல்லிய டயஃப்ரம் கிழிஞ்சிடும். ஹார்னுக்குப் பின்னால இருக்கிற ட்ரைவரைத் தனியாச் சோதிச்சா 20 மைக்ரோஃபாரட் நான்-போலார் கப்பாசிட்டர் ஒண்ணு தொடர்ல போடுங்க. 8 ஓம்ல 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழ குறைச்சிடும். 2 வோல்ட்ல 1500 ஹெர்ட்ஸுக்கு மேல மட்டும் மெதுவா ஏத்துங்க. டெர்மினல்ல பச்சைக் களிம்பு இருந்தா திறந்து பாருங்க. லீட் பட்டை அரிச்சிருக்கும்.

பிங்க்நாய்ஸ்:
தரம் ஒப்பிட வெட்டவெளி நல்லது. காத்து எழும்புறதுக்கு முன்னால காலையில பாக்ஸையும் போனையும் சிமெண்ட் தரையிலேயே வைங்க, இடைவெளி 2 மீட்டர். தரை எதிரொலி குழப்பாது. போன் காட்டுற டெசிபல் நம்பத்தக்கதல்ல. ஆனா அதே இடத்துல நாலையும் மாத்தி மாத்தி வெச்சு, ஒரே மாதிரி டோனை ஏத்திப் பார்த்தா வித்தியாசம் தெரியும். 3 டெசிபலுக்கு மேல ஒண்ணு விலகினா அந்த இடம் எந்த ஹெர்ட்ஸ்னு குறிச்சுக்கங்க. கடைசியா ரெண்டு ரெண்டா பக்கத்துல வெச்சு 60 ஹெர்ட்ஸ் கொடுங்க. சேர்ந்து ஓடும்போது பேஸ் காணாமப் போனா ஒண்ணுக்கு ப்ளஸ் மைனஸ் மாறியிருக்கு.