மறு: மோட்டார் சைக்கிளுக்கான கருவித் தொகுதி – கலைச்சொல் வேண்டும்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

தொழிற்பயிற்சி நிலைய மாணவர்களுக்காக நான் எழுதிவரும் இருசக்கர வாகனப் பழுதுநீக்கக் கையேடு வரும் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் ஓர் இயலின் தலைப்பு மட்டும் இன்னும் அமையவில்லை. வண்டியின் இருக்கைக்கு அடியில் வைத்திருந்து, வழியில் பழுது ஏற்பட்டால் எடுத்துப் பயன்படுத்தும் சிறு கருவிகளின் தொகுதியைப் பட்டறையில் 'டூல்ஸ் கிட்டு' என்கிறோம். 'கருவிப்பெட்டி' என்று எழுதினால் பட்டறைச் சுவரோரம் இருக்கும் இரும்புப் பெட்டிதான் மாணவர் நினைவுக்கு வருகிறது. 'கருவிப்பை' என்றாலோ பையைத் தேர்ந்தெடுக்கக் கற்றுத்தருவதுபோல் ஆகிவிடுகிறது. இவ்வியலில் பையைப் பற்றி வருவது கடைசி இரண்டு வரிதான்.

சொல் தேடுபவர்கள் பொருளையும் அறிந்திருப்பது நல்லது என்பதால் இயலின் சாரத்தைத் தருகிறேன். கடையில் நாற்பது உருப்படிகளோடு விற்கும் தொகுதியை வாங்குவதற்கு முன், மாணவர் தம் வண்டியை ஒருமுறை சுற்றிவந்து, வழியில் கழற்ற நேரக்கூடிய நட்டுகளின் அளவுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். 100 முதல் 150 சிசி வரையுள்ள நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் 8, 10, 12, 14, 17 மி.மீ. ஸ்பேனர்களே போதும், பின்சக்கர அச்சின் நட்டு மட்டும் வண்டிக்கு வண்டி மாறும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றும் ஸ்பேனரிலும் கவனம் வேண்டும். பொதுவாக 10 மி.மீ. மரையுள்ள பிளக்குக்கு 16 மி.மீ. ஸ்பேனரும், 14 மி.மீ. மரையுள்ளதற்கு 21 மி.மீ. ஸ்பேனரும் பொருந்தும், ஒன்று மற்றொன்றுக்கு உதவாது. டியூப் இல்லாத டயராக இருந்தால் துளையை அராவும் ஊசி, திரியைச் செருகும் ஊசி, ரப்பர் திரிகள், சிறிய காற்றுப் பம்பு ஆகியவையும் சேரும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, நத்தம் சாலையில் என் வண்டியின் செயின் தளர்ந்து பல்சக்கரத்திலிருந்து கழன்றுவிட்டது. இருக்கைக்கு அடியில் இருந்த மெல்லிய தகட்டு ஸ்பேனரால் அச்சு நட்டைத் திருகியபோது ஸ்பேனரின் வாய் விரிந்தது. நட்டின் ஆறு முனைகளில் நான்கு மழுங்கிப்போயின. சரியான அளவில் ஒரு ரிங் ஸ்பேனர் இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும் வேலைக்காக, மூன்று கிலோமீட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். ஆகவே தேர்ந்து சேர்த்தல் என்னும் பொருள் அச்சொல்லில் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அன்புடன்,
பயிற்றுநர்

*

அன்புள்ள பயிற்றுநர் ஐயாவுக்கு,

நீங்கள் தேடும் சொல் ஈராயிரம் ஆண்டுகளாக நம்மிடம் இருக்கிறது. புறநானூற்றின் 206ஆம் பாட்டில், அதியமானின் வாயிலில் காத்திருந்து மனம் நொந்த ஔவையார் 'காவினெம் கலனே சுருக்கினெம் கலப்பை' என்கிறார். கலம் என்பது இங்கே யாழ் முதலிய கருவி. அவற்றைச் சுருக்கிக் கட்டி எடுத்துச்செல்லும் பை கலப்பை. வழிச்செல்வோர் தம் தொழிற்கருவிகளைத் தாமே சுமந்துசெல்வது என்ற பொருள் இதைவிடத் தெளிவாக வேறு எங்கே கிடைக்கும்? அடுத்த அடியிலேயே 'மரங்கொல் தச்சன் கைவல் சிறாஅர்' மழுவோடு வருகிறார்கள். கைத்தொழில் கற்ற அந்தப் பிள்ளைகளுக்குக் காடு எப்படியோ, அப்படியே கலை கற்றவர் எத்திசைச் சென்றாலும் அத்திசையில் அவர்களுக்குச் சோறு உண்டு என்பதே பாட்டின் முடிவு. தொழிற்பயிற்சி மாணவர் கையேட்டுக்கு இந்தச் சொல்லும் இந்தப் பாட்டும் ஒருங்கே பொருந்துவதை எண்ணிப் பாருங்கள்.

கலப்பை பிடிக்காவிட்டால் ஆற்றுணாவை நினைவுகூரலாம். ஆறு என்றால் வழி. வழியில் உண்ணும் கட்டுச்சோறு ஆற்றுணா. அதைப் பின்பற்றி 'ஆற்றுக்கருவி' எனலாம்.

*

அன்பர்களுக்கு வணக்கம்.

பாட்டை நானும் விரும்பிப் படிப்பவன்தான். ஆனால் இந்த நிலையங்களில் பயில்வோரில் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள்; அவர்களிடம் கலப்பை என்று சொன்னால் கண்முன் வருவது ஏர்க்கலப்பை ஒன்றுதான். ஆற்றுக்கருவி என்றாலோ தூண்டிலையும் வலையையும் எண்ணிக்கொள்வார்கள். இலக்கியத்தில் ஒரு சொல் இருந்தது என்பது வேறு, அது இன்றைய காதில் அதே பொருளோடு விழுகிறது என்பது வேறு. மாணவர் நாளை வேலைக்குச் சேரும் பட்டறையில் மூத்த மெக்கானிக் 'அந்த டூல்ஸ் கிட்டை எடுடா' என்றுதான் சொல்வார். கையேட்டிலேயே 'ஸ்பேனர்' என்று எழுதியிருக்கிறீர்கள், புரிமுடுக்கி என்று எழுதவில்லை. அதற்கு என்ன காரணமோ அதே காரணம் கிட்டுக்கும் பொருந்தும். 'டூல் கிட்' என்றே தலைப்பிடுங்கள்.

*

அன்புள்ள இருவருக்கும்,

ஸ்பேனரைப் பற்றிய கேள்வி நேர்மையானது, அதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஸ்பேனரின் பெயர் அளவோடு சேர்ந்தே புழங்குகிறது. 'பத்து பன்னண்டு ஸ்பேனர்' என்று கேட்டவுடன் மாணவர் சரியானதை எடுத்துத் தர வேண்டும். அங்கே நான் பெயரை மாற்றினால் வேலை தடைப்படும். தொகுதியின் பெயருக்கு அந்த நெருக்கடி இல்லை, அது பாடத்தின் தலைப்பு மட்டுமே.

ஆற்றுணாவைச் சொன்னபோது நீங்களே கட்டுச்சோற்றையும் சொன்னீர்கள். எனக்கு அந்தக் 'கட்டு' பிடித்துவிட்டது. ஏட்டுக்கட்டு, புத்தகக்கட்டு என்பவற்றைப்போல, வேண்டியதை மட்டும் சேர்த்துக் கட்டியது என்ற பொருளைக் 'கருவிக்கட்டு' தருகிறது. கட்டுதல் என்னும் தொழிலின் பெயர் கட்டப்பட்ட பொருளுக்கு ஆகிவருவதால் இலக்கணத்திலும் குறையில்லை. பொருளுக்கும் ஒத்துவருகிறது. கருவிகள் ஒன்றோடொன்று உரசிச் சத்தமிடாமல் இருக்க, ஒவ்வொன்றுக்கும் ஒரு மடிப்புத் தைத்த கித்தான் துணியில் அவற்றைச் செருகிச் சுருட்டி நாடாவால் கட்டுவதைத்தான் நான் வகுப்பில் செய்துகாட்டுகிறேன். இடையில் ஒற்று மிக வேண்டும் என்பதை அச்சுக்கோப்பவரிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். 'கருவி கட்டு' என்று விட்டால் அது ஏவலாகிவிடும்.

'வழிக்கருவிக்கட்டு' என்று நீட்டலாமா என்றும் எண்ணினேன். நெடிதாக இருப்பதால், தலைப்பில் ஒருமுறை மட்டும் அப்படி எழுதிவிட்டு உள்ளே கருவிக்கட்டு என்றே ஆள எண்ணியிருக்கிறேன். மறுப்பு உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.

*

ஐயா,

கருவிக்கட்டுக்கு இதுவரை ஐவர் இசைந்திருப்பதைப் பார்த்தேன். அச்சு நாள் நெருங்குவதால் நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனாலும் கலப்பையை நான் விட்டுக்கொடுக்கவில்லை என்பதைக் குழுவின் பதிவில் வைத்துக்கொள்ளுங்கள். இயலின் தொடக்கத்தில் ஔவையின் அந்த அடிகளையாவது சேர்த்து, கலப்பை என்பதற்கு ஒரு வரி விளக்கம் கொடுக்க இடமிருக்குமா?

*

இடமிருக்கிறது ஐயா. ஸ்பேனர் அளவுகளின் அட்டவணைக்கு மேலே மூன்று வரி காலியாக இருக்கிறது, அங்கே சேர்த்துவிடுகிறேன். தலைப்பில் அடைப்புக்குறிக்குள் 'டூல்ஸ் கிட்டு' என்றும் போடச் சொல்லி இன்று காலை மற்றொருவர் தனிமடல் அனுப்பியிருக்கிறார். அதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை.