இரண்டரை மணி நேரப் பேட்டி, ஏஐ வைத்து எடிட் செய்வது எப்படி?

பனங்காடு:
திருச்செந்தூர் பக்கம் ஒரு பனையேறித் தாத்தாவைப் பேட்டி எடுத்தேன். இரண்டரை மணி நேரம். இதைப் பன்னிரண்டு நிமிடமாகக் குறைக்க வேண்டும். மௌனத்தை வெட்டித் தரும் ஆட்டோ-எடிட்டரில் பத்து நிமிடத் துண்டைப் போட்டுப் பார்த்தேன், செய்தி வாசிப்பது போல ஆகிவிட்டது. தம்பி மரத்திலிருந்து விழுந்ததைச் சொல்லிவிட்டு அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார், அந்த இடமே காணாமல் போய்விட்டது. எடிட் செய்ய டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்புதான் இருக்கிறது, லேப்டாப்பில் கிராபிக்ஸ் கார்டு நினைவகம் 4 ஜிபி. என்ன செய்யலாம்?

ரஃப்கட்:
வெட்டும் வேலையை ஏஐக்குக் கொடுக்காதீர்கள், தேடும் வேலையை மட்டும் கொடுங்கள். பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற ஏஐ, சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளிலேயே ஓடும். அதன் பெரிய மாடலான லார்ஜ் கிராபிக்ஸ் கார்டில் 10 ஜிபி அளவுக்குக் கேட்கும், சின்ன மாடலான ஸ்மால் 2 ஜிபியில் ஓடிவிடும், ஆனால் தமிழில் பிழை அதிகம். அதனால் லார்ஜையே கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் சிபியுவில் போட்டுவிட்டு இரவு தூங்கப் போய்விடுங்கள், மெதுவாகத்தான் முடியும், பரவாயில்லை. காலையில் வரும் எஸ்ஆர்டி என்ற சப்டைட்டில் ஃபைலைப் பிரிண்ட் எடுத்து, வேண்டிய வரிகளைப் பேனாவால் குறியுங்கள். பக்கத்திலேயே அந்த வரி வரும் நேரம் (டைம்கோடு) இருப்பதால் டைம்லைனில் அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம். நான் எல்லாப் பேட்டிக்கும் இப்படித்தான் செய்கிறேன்.

கலயம்:
ஒரு எச்சரிக்கை. பேச்சே இல்லாத இடத்தில் விஸ்பர் தானாக ஏதாவது எழுதி வைக்கும், யாரும் சொல்லாத "நன்றி" கூட வரும். தாத்தா பேசாமல் இருந்த இடங்களில் கட்டாயம் காது கொடுத்துக் கேளுங்கள். அப்புறம் பாளை, கலயம், பதநீர் மாதிரிச் சொற்களைத் தப்பாக எழுதும். ஆரம்பக் குறிப்பு என்று ஒரு வசதி உண்டு, அதில் இந்தச் சொற்களைக் கொடுத்தால் கொஞ்சம் தேறும். ஆனால் அதற்கு 224 டோக்கன்தான் (மாடல் எழுத்தைப் பிரித்துப் படிக்கும் துண்டுகள்) எல்லை, தமிழ் எழுத்து நிறைய டோக்கன் பிடிக்கும், முக்கியமான பத்துப் பதினைந்து சொல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ரஃப்கட்:
ஆட்டோ-எடிட்டரையும் தூக்கிப் போட வேண்டாம். பேச்சுக்கு முன்னும் பின்னும் அது வெட்டாமல் விடும் இடைவெளி (மார்ஜின்) இயல்பாக 0.2 வினாடிதான், அதை ஒன்று ஒன்றரை வினாடியாக ஏற்றி, வீடியோவாக எடுக்காமல் ரிசால்வுக்கான டைம்லைனாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். வெட்டியதையெல்லாம் இழுத்து நீட்டிக்கொள்ளலாம், எதுவும் அழியாது.

பனங்காடு:
மிக்க நன்றி. காற்றுச் சத்தம் வேறு பலமாக இருக்கிறது. அதை எடுக்க வழி?

கலயம்:
ரிசால்வில் குரலைப் பிரிக்கும் வசதி காசு கொடுத்து வாங்கும் ஸ்டுடியோ பதிப்பில்தான் உண்டு. ஒலியை எடிட் செய்யும் ஆடாசிட்டி மென்பொருளில், இரைச்சலைக் குறைக்கும் இன்டெல்லின் ஓப்பன்வினோ பிளகின் (கூடுதல் இணைப்பு) போடுங்கள், இலவசம். ஆனால் சுத்தம் செய்த குரலை மட்டும் வைத்தால் ஸ்டுடியோ அறைக்குள் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும், பனையோலைச் சரசரப்பும் சேர்ந்து போய்விடும். அசல் ஒலியைக் கீழே இன்னொரு டிராக்கில் சத்தம் குறைத்து வையுங்கள்.

பனங்காடு:
நேற்று இரவு லார்ஜ் ஓட்டினேன். சுண்ணாம்பு தடவிய கலயத்தில்தான் பதநீர் புளிக்காமல் நிற்கும் என்று அவர் மூன்று இடத்தில் சொல்லியிருக்கிறார், தேடியதும் மூன்றும் கிடைத்தன, இரண்டாவதுதான் நன்றாக இருக்கிறது. தம்பியைப் பற்றிய இடத்தில் மௌனம் 11 வினாடி வருகிறது. அதில் கை வைக்கவில்லை, முழுசாக அப்படியே விட்டுவிட்டேன்.